சார்ஜருக்குப் போட்ட துண்டு

எங்கள் கம்பெனிக்கு மின்சார வேன்கள் ஏழு, சார்ஜர் இரண்டு. தையல் கம்பெனிப் பெண்களை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடும் வேன்கள். எந்த வண்டி எப்போது சார்ஜ் ஏற வேண்டும் என்று பெங்களூர்க்காரர்கள் செய்த ஆப் முடிவு செய்யும். அந்த முடிவைத் தருமபுரியில் நிறைவேற்ற எனக்குச் சம்பளம். என் மாமனார் இதை "மாப்ள கரண்ட் மேனேஜர்" என்று தன் ஊரான இண்டூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஆப்புக்குத் தெரியாத ஒன்று, இங்கே கரண்ட் போகும். போய் வந்ததும் அது வரிசையை முதலிலிருந்து போடும். சார்ஜ் நிறைந்த வேனையே மறுபடி கூப்பிடும். டிரைவர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் பஸ்ஸில் இடம் பிடிக்கச் செய்வதையே இங்கேயும் செய்தார்கள். துண்டு போட்டார்கள். சார்ஜர் கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துண்டுகள். மேலே தொங்குவது அடுத்த வேன். கரண்ட் போனாலும் துண்டு இருந்த இடத்தில் இருக்கும். ஷிப்டுக்குத் தாமதமாவது அதோடு நின்றது.

தலைமை அலுவலக மேலதிகாரி கேமராவில் பார்த்துவிட்டு, தொழில்நுட்பத்துக்கே அவமானம் என்று போனில் கத்தினார். நேரில் வருவாராம், ஒரு துண்டு கண்ணில் பட்டாலும் நான் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டுமாம். டிரைவர்களிடம் கெஞ்சினேன். துண்டை எடுக்கச் சொன்னால் வண்டியை நானே ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். மாமனாரின் முகத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேலதிகாரி மின்சாரக் காரில் வந்தார். வழியெல்லாம் ஏசி போட்டதில் சார்ஜ் தரைதட்டியிருந்தது. துண்டுகளைப் பார்த்து முகம் சிவந்தது. "உன்னை அப்புறம் கவனிக்கிறேன்" என்றபடி ஆப்பில் தனக்கு முதலிடம் போட்டுக்கொண்டார். கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஆப்பில் அவர் காரே இல்லை. மாலையில் அவருக்குப் பெங்களூரில் கூட்டம். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, எல்லாத் துண்டுகளுக்கும் மேலே போட்டார்.

மூத்த டிரைவர் அதை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"கர்சீப் எல்லாம் செல்லாதுங்க சார். துண்டுதானுங்க. அதுவும் கடைசியிலதான் போடணுங்க."

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "உங்ககிட்ட ஒரு துண்டு இருக்குமா?"

என் நாற்காலியில் கிடந்ததைக் கொடுத்தேன். அதை அவரே கடைசியாகத் தொங்கவிட்டு, முறை வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

நிலையத்தில் துண்டு எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை எழுதினார். அப்படியாக என் வேலை பிழைத்தது. துண்டுதான் போய்விட்டது, அவருடன் பெங்களூருக்கு.