குழாய்ப் பாலத்தில் தங்கிய படம்

எங்கள் கடைத்தெருவில் எந்தக் கடை எந்த ஆண்டு மூடியது என்று என்னிடம் கேட்டால் சொல்வேன். இப்போது அங்கே பெரும்பாலும் பிளக்ஸ் கடைகள். படித்து முடித்த பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெட்டி ஒட்டுகிறார்கள். இலுப்பூர், கீரனூர்க்காரர்களும் இங்கேதான் அடிக்கிறார்கள். பல வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான்.

கல்யாண பிளக்ஸ் பிறகு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும். இறந்தவர் படம் அப்படி ஆகாது. மிதிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய சாமி படம் போல ஓடும் தண்ணீரில் விடவேண்டும். கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது? ஊருணிக்கு வரும் கால்வாயில் சுருட்டி வைத்துவிடுவார்கள், மழையில் போய்விடும் என்று.

அந்த ஊருணிக்கரையில் அக்கா வீடு. ஆழ்துளைக் கிணறு உப்பாகிவிட்டதால் சோறு பொங்குவது ஊருணித் தண்ணீரில்தான். சென்ற மாசியில் மச்சான் இறந்தார். ஐப்பசியில் ஒரு காலை, காத்திருந்த மழை கொட்டியது. ஆனால் ரோட்டுக்கு அடியில் உள்ள குழாய்ப் பாலத்தில் தண்ணீர் முட்டி நின்றது.

தொரட்டி போட்டு இழுத்தோம். சுருள் சுருளாக வந்தன. பழைய ஆண்டுத் தேதிகளும் அந்த ஆண்டுத் தேதிகளும் கலந்து கிடந்தன. கடைசி ஒன்று மட்டும் மண் நிரம்பிப் பையாகிக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. சேற்றை வழித்தால் மச்சான் முகம். அக்காதான் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இருக்கையிலயும் மனுசன் இப்படித்தான் வழிய மறிச்சுக்கிட்டு நிப்பாரு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அக்காகூடச் சிரித்தாள். அரிவாள் அவர் கையில்தான் இருந்தது.

"அறுத்து விடுங்க, தண்ணி அங்கிட்டுப் போகுது," என்றேன்.

"நான் மாட்டேன்ப்பா. மச்சினன் நீங்க இருக்கீங்கள்ல."

வாங்கிக் குனிந்தேன்.

"தம்பி, மொகத்துல வைக்காத."

"ஓரத்துல அறுத்தா மண்ணு எறங்காதுக்கா."

"அப்ப விட்ரு. நான் லாரித் தண்ணி வாங்கிக்கிறேன்."

"ஒனக்கு மட்டுமாத்தா ஊருணி?" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி. அவளும் அறுக்கச் சொல்லவில்லை. அரிவாளைக் கரையில் வைத்தேன்.

தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி எதிர்ப்பக்கப் பொட்டலில் பரவி வீணானது. அதற்குப் பிறகு அப்படி ஒரு மழை வரவில்லை. ஊருணி நடுவில் இப்போது ஆடு மேய்கிறது.

வரும் மாசியில் மச்சானுக்கு முதல் திதி. அக்கா பிள்ளைகள் இன்னும் பெரிதாக ஒரு படம் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். தேதியைச் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். பார்த்தேன். சரியாக இருந்தது.