விக்டர் அண்ணன் வீட்டுக்கு அப்ரூவல் தேவையில்லை

விக்டர் அண்ணன் இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக். காபி கேட்டிருக்கிறார், பிலோ அண்ணி போட்டுக் கொண்டுவருவதற்குள்...

எங்கள் மேல்வீட்டுக்காரர். ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆகி, திருவொற்றியூரில் இந்த கேட்டட் கம்யூனிட்டிக்கு எங்களுக்கு முன்பே குடிவந்தவர்.

இங்கே யார் வந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி ஆப்பில் தட்டுவார். வீட்டு ஓனர் போனுக்கு கால் வரும். அப்ரூவ் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். அசோசியேஷன் மீட்டிங்கில் இதைக் கொண்டுவந்தபோது எதிர்த்த ஒரே ஆள் அண்ணன்தான்.

“நாள் பூரா ஹார்பர் கரித்தூளும் கம்பெனி கேஸ் நாத்தமும் உள்ள வந்துகினு கீது. அதுக்கு எவன் சார் அப்ரூவ் குட்த்தான்?”

செக்ரட்டரி அடுத்த அஜெண்டாவுக்குப் போய்விட்டார்.

என் அப்பா காசிமேட்டில் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். ஒருநாள் லுங்கியோடு, கையில் வஞ்சிரம் பையோடு என்னைப் பார்க்க வந்தார். எனக்கு ஆபீஸில் மீட்டிங், போன் சைலண்டில்... பெற்ற மகள் வீட்டு வாசலில் அவரை வெயிலில் நிறுத்திவிட்டார்கள்.

வாக்கிங் போன அண்ணன் பார்த்திருக்கிறார். நம்ம வூட்டுக்கு வந்தவருதான் என்று சொல்லி மேலே கூட்டிப்போய்விட்டார். நான் வந்து சேர்வதற்குள் இரண்டு பேரும் மீனைப் பொரித்துத் தின்று முடித்திருந்தார்கள். எனக்கு வால் துண்டுதான் மிச்சம்.

இன்று என்ன நடந்தது தெரியுமா? ஆப்பில் அந்த வீட்டுக்குப் பதிவாகியிருப்பது அண்ணன் நம்பர். அவர் தலைமாட்டிலேயே அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது.

துறைமுகத்து தோஸ்துகள், ராயபுரம் சொந்தக்காரர்கள், பக்கத்து மீனவர் குப்பத்து ஆட்கள்... எல்லோரும் கேட்டில் வரிசையில். ஒவ்வொருவருக்கும் செத்த மனுஷனிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஆப். மாலை கொண்டுவந்தவரை ‘டெலிவரி’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

அண்ணி அழுதுகொண்டே அப்ரூவ், அப்ரூவ் என்று அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சாவு வூட்டுக்கு எவன்மா பர்மிசன் கேட்டுகினு வருவான்? கீய எறங்கிப் போய் கேட்டத் தொறக்கச் சொல்லு.”

போனேன். சொன்னேன். செக்யூரிட்டி பேரியரைத் தூக்கிவிட்டார்.

செக்ரட்டரி ஓடிவந்தார். யார் எவர் என்று தெரியாதவர்கள் உள்ளே போனால் லேடீஸுக்கு என்ன சேஃப்டி என்றார். நானும் லேடீஸ்தான் சார், எனக்குப் பயமில்லை என்றேன். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்றார். என் பெயரையும் ஃபிளாட் நம்பரையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது ‘வெளியாட்கள் நடமாட்டம், கதவைப் பூட்டிக்கொள்ளவும்’ என்று ஓடுகிறது. தாராளமாகப் பூட்டிக்கொள்ளுங்கள். அழ வந்தவர்களுக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

சாயங்காலம் சர்ச்சுக்குக் கொண்டுபோகிற வரைக்கும் இந்த கேட் மூடாது. பேரியருக்குக் கீழேயே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். சேரை எடுத்துப்போடச் சொல்லிப் பார்த்தார்கள்... எழுந்திருக்கவில்லை.

வருகிறவர்கள் சி பிளாக், நாலாவது மாடி. நேராக மேலே போங்கள்.

அண்ணா, உங்களைப் பார்க்க வந்த ஒருவரையும் இனி நிறுத்த விடமாட்டேன். நிம்மதியாகப் போங்க.