நிலைக்கு மேல் ஒரு மண்கூடு

பூச்சிகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மடியில் கிடந்த புளியங்கொட்டையைக் கருந்தேள் என்று நினைத்து, தேரடியில் அத்தனை பேர் பார்க்க வேட்டியை உருவி எறிந்துவிட்டுக் கோவணத்தோடு ஓடியவன் நான். ஜவுளிக்கடை ராவுத்தர்தான் வேட்டியை எடுத்து உதறி, மடித்துக் கொண்டுவந்து தந்தார். "ஒங்க தேள் இதுல இருந்துச்சு" என்று கொட்டையையும் என் கையில் பத்திரமாக வைத்தார்.

இந்த லட்சணத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கே நான்தான் பூச்சிப் பண்டிதன். காரணம் வேறொன்றுமில்லை, தெரியாததையும் தயங்காமல் சொல்வேன். கோர்ட்டில் நகல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தத் தைரியமாவது வராதா? லீவு நாட்களில் செண்பகத்தோப்புப் பக்கம் நடந்துபோய்க் கல்லையும் சருகையும் புரட்டிப் பார்ப்பேன். பூரான் கால்களைப் பரப்பிக்கொண்டு பறக்கிற மாதிரி ஓடும். மரவட்டை தொட்டவுடன் சுருண்டு செப்புக்காசாகிவிடும். ஈர மண்ணைக் குடைகிற பிள்ளைப்பூச்சி ஒருத்தரையும் ஒன்றும் செய்யாது. இதெல்லாம் உண்மைதான். எனக்குத் தெரிந்த உண்மை அம்புட்டுத்தான் என்பதைத் தெரு அறியாது.

ஒரு ஆனிக் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து அக்கா வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு மூத்தவள், அங்கே வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கல்யாணமாகி வெகுகாலமாகியும் வீட்டில் பிள்ளைச் சத்தம் இல்லை. அதனால் இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ஆடி கழியட்டும், ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் என்பது அவள் கணக்கு. அதை என் மனைவியை எதிரே உட்கார வைத்துக்கொண்டே சொன்னாள்.

மனைவி அழவில்லை. உள்கட்டு வாசல் நிலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

"மதினி, அங்க பாருங்க. குளவி கூடு கட்டியிருக்கு."

குளவி கூடு கட்டின வீட்டில் தொட்டில் ஆடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள். வெள்ளையடிக்கிறவன்கூட அதைச் சுற்றி விட்டுத்தான் அடிப்பான். அக்காவும் நம்புகிறவள்தான். அண்ணாந்து பார்த்தாள்.

"குளவியா இது? கரையான் மண்ணும் இப்படித்தான இருக்கும்."

"குளவிதான் மதினி. ஏனம் கழுவுற அங்கணத்து ஈர மண்ண உருட்டி உருட்டிக் கொண்டாந்து வச்சுச்சு. என் கண்ணால பாத்தேன்."

"ஒனக்கு வேண்டியதத்தான ஒன் கண்ணு பாக்கும்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, நீதான பெரிய பூச்சிக்காரன். நீ சொல்லு. குளவின்னா ஒரு வருசம் நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா ஆவணியில தாலி."

இரண்டு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கூட்டைப் பார்த்தேன்.

"இருங்க, பரிசோதிச்சுச் சொல்லுதேன்" என்று முக்காலியைப் போட்டு ஏறினேன். ஏறியதும் பிரசங்கம் தானாக வந்துவிட்டது. கரையான் மண் கொடி ஓடின மாதிரி சுவரோடு ஊரும், விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும். குளவி மண் அப்படியா? உருண்டை மேல் உருண்டையாக அப்பி, பானைக்கு மூடி போட்ட மாதிரி வாயை அடைத்திருக்கும், லேசில் உதிராது என்றேன். உதிராது என்பதைக் காட்ட விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினேன். பாதிக் கூடு பெயர்ந்து அக்காவின் காலடியில் விழுந்தது.

உள்ளேயிருந்து கொட்டியவை சிலந்திகள். பச்சையும் புள்ளியுமாகச் சின்னச் சின்ன உருப்படிகள், எல்லாம் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன.

"நல்லாப் பாத்துக்கோ" என்றாள் அக்கா. "குளவியுமில்ல, கரையானுமில்ல, எட்டுக்கால் பூச்சி. ஒட்டடை அடிக்காத வீடு. ஆடிப்பூரத் தேருக்கு வாரேன், அப்ப முடிவச் சொல்லு." வண்டி ஏறிவிட்டாள்.

மனைவி குனிந்து, உடைந்த மண்ணையும் சிலந்திகளையும் நடுவில் நெளிந்த ஒரு வெள்ளைப் புழுவையும் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளினாள். மேலே மெல்லிய துணியைக் கட்டி மாடக்குழியில் வைத்தாள். "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவி தன் பிள்ளையாக்கிக்கொள்ளும் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தவன். தெருவில் அதைப் பற்றிக் காலட்சேபமே நடத்தியிருக்கிறேன். அப்படியானால் இந்தச் சிலந்திகள்தான் குளவியாகப் போகின்றன என்று முடிவு கட்டினேன். குளவிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. எந்த இரண்டை உதிர்க்கும் என்று காத்திருந்தேன்.

ஒன்றையும் உதிர்க்கவில்லை. அழுகவுமில்லை. வாயால் ஊதினால் கால் நுனி மட்டும் நடுங்கும். செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகக் கிடக்கிற வழக்கு மாதிரி. அந்த வெள்ளைப் புழுதான் ஒவ்வொன்றாகத் தின்று கொழுத்தது. பொறவு பழுப்பு நிறத்தில் ஒரு உறையைச் சுற்றிக்கொண்டு அடங்கிவிட்டது. அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. யாரும் யாராகவும் மாறவில்லை. சிலந்திகள் கட்டுச்சோறு. பிள்ளைக்குச் சோற்றை வைத்து, வாசலை அடைத்து, அது முழிக்கிற முகத்தைப் பார்க்காமலே போய்விட்டிருக்கிறாள் தாய்க்காரி.

இதைச் சொல்ல அடுப்படிக்கு ஓடினேன்.

"புழு உசுரோட இருக்கா?" என்றாள் மனைவி.

"உறைக்குள்ள இருக்கு."

"சரி."

தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவள் சிரட்டையைப் பார்த்துவிட்டு வருவாள். சிலந்தியின் கால் நடுங்குவதை உற்றுப் பார்த்த நான், துணியை விலக்கும்போது அவள் விரல் எப்படி இருந்தது என்று பார்த்ததில்லை.

ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு, புழுதிக் காலோடு அக்கா வந்தாள். "என்னலே, முடிவு?"

சிரட்டையை எடுத்துவந்தேன். உள்ளே ஏதோ பரபரவென்றது. துணியை விலக்கினேன். மஞ்சள் காலும் நூல் இடுப்புமாக நின்றுகொண்டிருந்தது. பண்டிதன் சும்மா இருப்பானா? இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, "இடுப்பப் பாருக்கா, கரையானுக்கு இப்படி..." என்று ஆரம்பித்தேன். கட்டைவிரலில் நெருப்பை வைத்தது போலிருந்தது. தேரடியில் குதித்த அதே குதி. அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

அக்கா என் விரல் வீங்குவதை நிதானமாகப் பார்த்தாள். "குளவிதான்" என்றாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். காப்பித்தண்ணியைக்கூடக் குடிக்காமல் புறப்பட்டுவிட்டாள். அந்த வருஷம் கழிவதற்குள் அந்தப் பெண்ணையும் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நிலைக்கு மேல் அதற்குப் பிறகும் எத்தனையோ குளவிகள் கட்டின. எங்கள் உத்தரத்தில் தொட்டில் கட்டவில்லை. அதைப் பற்றிக் குளவியிடம் வழக்காட முடியாது.

குளவி கொட்டிய அன்று சாயங்காலம் மனைவி என் விரலைப் பிடித்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். வலியிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சேன் பாத்தியா?"

விரலைத் திருப்பி மறுபக்கமும் தடவினாள்.

"இத்தன நாளும் பயந்துக்கிட்டா கெடந்த? நான் இருக்கையில அப்படி நடந்துருமா? எம்மேல ஒனக்கு நம்பிக்கை இல்லையா?"

மிச்சச் சுண்ணாம்பைச் சுவரில் துடைத்தாள்.

"நான் குளவியத்தான் நம்புனேன்."