கயிற்றின் மறுமுனை

"எத்தன மணி தெரியுது?" என்பாள் மனைவி.

"ஒன்னுதான்."

"பொய். எடது கண்ணு வெளிய ஓடுது."

இந்தக் கண் பயிற்சியில் சனியனே இதுதான். எனக்கு என்ன தெரிகிறது என்பதில் நான் பொய் சொல்லலாம். கண் போகிற திசையை எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் மறைக்க முடியாது. கயிற்றின் ஒரு முனை என் மூக்கு நுனியில், மறுமுனை அவள் கையில். நடுவில் கோத்த மணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கண்கள் சேர்ந்து நின்றால் பார்க்கிற மணி ஒன்று. களைத்துப் பிரிந்தால் இரண்டு. மனைவியும் இரண்டு. ஒருத்தியே தாங்கலையே என்று சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் இந்தக் கண் பயிற்சி கொடுக்கும் அம்மா முதல் நாளே கேட்டார், "வண்டி ஓட்றீங்களா?"

"இல்ல மேடம். கோலா தெர்லாவுல காய்கறி பேக்கிங்," என்று கூசாமல் சொன்னேன்.

நல்லது, சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார்.

நான் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர். காலையில் கொழுந்து பறிக்கிறவர்களை மலைக்கு ஏற்றிப் போகிறவன். லயத்து வீடு அந்த வேலைக்காகக் கொடுத்தது. மனைவியும் என் லோரியில்தான் கொழுந்துக்குப் போகிறாள். ஒப்பந்தக்காரி, அவள் வேலைக்கு வீடு கிடையாது. தோட்டத்து மேலாளர் துரையிடம் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் பின்னால் பதினாறு பேர் உயிர். எந்தப் பக்கம் திரும்புவது? ரோடு இரண்டாகப் பிரிந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவில் திருப்பினேன். அந்த எரிச்சலையெல்லாம் வீட்டில் கொட்டினேன்.

"நீ என்ன டாக்டரா? கயித்த ஒழுங்கா புடி லா!"

ஒருநாள் சாயங்காலம் எந்த மணியிலும் கண் நிற்கவில்லை. அவள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் காலை எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் கீழே நின்றாள்.

"ஏறு," என்றேன்.

"நான் நடந்து வரேன்."

"என்னக்கா, அண்ணனோட சண்டையா?" என்று மேலிருந்து ஒருத்தி கிண்டல் செய்தாள். மனைவி கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

இறங்கிப் போய், ஆள் கணக்கெடுத்துக்கொண்டு நின்ற கங்காணி கையில் சாவியைக் கொடுத்தேன். "எனக்கு ரோடு ரெண்டா தெரியுதுங்க."

"மெதுவா சொல்லுயா! துரை காதுல விழுந்தா வீடு போயிடும். பேசாம ஏறி ஓட்டு," என்று சாவியை என் கையிலேயே திணித்தார்.

நான் திரும்பினேன். லோரியிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.