ஒரு வூட்டுக்கு ஒரு நெட்டு

எங்கள் வீட்டில் நான்கு செல்போன்கள் இருந்தன. நெட் இருந்தது ஒன்றில் மட்டும்தான். அது அம்மாவின் போன். அம்மா போன பிறகு, அப்பாவை மறுபடியும் எங்கள் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு வேறு எந்த வழியும் தெரியவில்லை. கடைசியில் அந்த நெட்தான் கைகொடுத்தது.

அம்மா கொளஞ்சியம்மாள் ரெட்டிபாளையத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். சிமெண்ட் ஏற்ற வரிசையில் காத்துக் கிடக்கும் லாரிகளுக்கு எதிரே, ஒரு தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. அப்பா அரியமுத்து ஒரு குடோனில் வாட்ச்மேன். தம்பி விக்கி அப்போது ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். நான் அரியலூரில் கல்லூரிக்குப் போய்வந்தேன்.

ரீசார்ஜ் விலை ஏறிய சமயம், நான்கு போனுக்கும் ஒரே வாரத்தில் பேக் முடிந்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டா, மாசத்துக்கு முப்பது நாளா, இருவத்தெட்டு நாளா?"

"கம்பெனிக்காரனுக்கு இருவத்தெட்டும்மா," என்றான் விக்கி.

"அவன் மாசத்துக்கு நாம எதுக்கு நாலு பேரும் அழுவணும்? ஒரு வூட்டுக்கு ஒரு அடுப்பு வச்சுத்தான திங்கிறோம். ஒரு நெட்டும் போதும்."

அன்றோடு முடிவானது. மற்ற மூன்று போன்களுக்கும் பேசுவதற்கு மட்டும் சின்ன ரீசார்ஜ். ஒன்றில் மட்டும் நெட் பேக். அந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். விக்கி முந்திக்கொண்டு தன் போனை நீட்டினான்.

"ஒங்கிட்ட குடுத்தா வெடியறதுக்குள்ள வழிச்சு நக்கிடுவ," என்று சொல்லித் தன் போனிலேயே போடச் செய்தாள் அம்மா.

ஹாட்ஸ்பாட்டுக்கு 'கொளஞ்சி' என்று பெயர் வைத்தது விக்கி. பாஸ்வேர்டை அம்மாதான் சொன்னாள். மீன்சுருட்டி. அவள் பிறந்த ஊர். "பொறந்த ஊரு பேர எவ மறப்பா?" என்றாள்.

அந்த ஏற்பாட்டில் நாங்கள் யோசிக்காத ஒன்று இருந்தது. போன் அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் கிடக்கும். அம்மா எங்கே போகிறாளோ, நெட்டும் கூடவே போகும். ஆட்டுக்குத் தழை கட்ட அவள் கொல்லைக்குப் போனால் கூடத்தில் மேட்ச் நின்றுவிடும்.

"அம்மா, அங்கயே நில்லு! கடைசி ஓவரு!"

"ஆடு கத்துதுடா."

"ஆட்ட இங்க கூட்டிக்கிட்டு வாயேன்!"

ஆட்டைக் கூட்டிவர முடியாது. நாங்கள்தான் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் போவோம். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்தால், ஆட்டுக்கொட்டகையைத் தாண்டிக் கிடக்கும் துவைக்கிற கல் வரைக்கும் நெட் வரும். கல்லைத் தாண்டினால் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

இப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள் கொல்லைக்கு இடம் மாறின. மறுநாள் சாம்பாருக்கு அம்மா சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்காருவாள். "நெட்டு சும்மா வருமா? உரி," என்று ஆளுக்கொரு குவியல் தள்ளுவாள். கண்ணெரிச்சலோடு பாடம் படித்திருக்கிறேன். அம்மா தன் போனில் எதுவும் பார்க்க மாட்டாள். எங்கள் மூன்று பேரின் திரைகளையும் மாறி மாறி எட்டிப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. "தமிழு, ஒன் படிப்புல படமே வராதாடி?" என்று ஒருநாள் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டாள்.

அன்றைய நெட் தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தால் விசாரணை நடக்கும்.

"யாரு தின்னது?"

விக்கி என்னைப் பார்ப்பான். நான் விக்கியைப் பார்ப்பேன். அப்பா வானத்தைப் பார்ப்பார். அதிலேயே தெரிந்துவிடும்.

"இந்தாங்க, பாட்டத்தான கேக்குறீங்க. படம் எதுக்கு ஓடணும்? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா கொறையாதுல்ல?"

"கண்ண மூடுனாலும் அது கொறையத்தான் செய்யும், கொளஞ்சி."

"மூடிப் பாத்தீங்களா?"

அப்பா மூடிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். போனை மெல்ல வாங்கி பாட்டை நிறுத்திவிட்டு, "பாத்தியா, கொறையல," என்றாள் அம்மா.

கடையிலும் அவள் நெட்டுக்குப் பெயர் இருந்தது. இரண்டு நாளாக வரிசையில் நிற்கும் டிரைவர்கள் கேட்பார்கள். "யக்கா, கொஞ்சம் நெட் போடுக்கா, புள்ளைய வீடியோல பாத்துக்குறேன்." அவர்கள் போனை வாங்கி, முந்தானையால் மறைத்துக்கொண்டு, மீன்சுருட்டியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவாள். தட்டில் இட்லி இருக்கும் வரைதான் நெட். கை கழுவ எழுந்தால் கட். ஆனால் பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பவன் தட்டில் மட்டும், கேட்காமலேயே இன்னொரு இட்லி விழும்.

"ரீசார்ஜுல மிச்சம் புடிச்ச காசெல்லாம் எங்கம்மா போச்சு?" என்று விக்கி கேட்பான்.

"ஒன் வயித்துல," என்பாள்.

போன வருஷம் ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூட ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றதால் நான் கட்டிலருகே இருந்தேன். அப்பாவும் விக்கியும் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில். அந்தச் சாயங்காலம் அம்மா போனை எடுத்து விக்கியைக் கூப்பிட்டாள்.

"அங்க வருதாடா?"

"வருதும்மா."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் வருது."

"சரி, அங்கயே இருங்க," என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா தெளிவாகப் பேசவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து சில வாரங்களில் விக்கி பெரம்பலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். தன் போனுக்குத் தனியாக பேக் போட்டுக்கொண்டான். நானும் போட்டுக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் அவன் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நான் கூடத்தில் இருப்பேன். அப்பா வாசலில். கொல்லைக்கு யாரும் போக வேண்டிய தேவையே இல்லை. ஆடுகளையும் விற்றுவிட்டோம்.

"ஒங்களுக்கும் நெட்டு போட்டுடுறேன்ப்பா," என்று விக்கி இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

"எனக்கு எதுக்குடா? தண்டச் செலவு. அவ இருந்தா திட்டுவா."

அம்மாவின் போன் பேக் முடிந்து பீரோவில் கிடந்தது. அதற்கும் போடக்கூடாது என்றுவிட்டார். பிறகு சாப்பாட்டுத் தட்டையும் வாசலுக்கே வாங்கிக்கொண்டார். கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரே கூரைக்குக் கீழே மூன்று தனிக் குடித்தனம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அதில் அப்பா எங்களைவிட்டு நகர்ந்து போய்க்கொண்டே இருக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ எடுத்துக்கொண்டு போனபோது அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட் இல்லாத போனில் என்ன பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். வைஃபை பக்கம் திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு பெயர். கொளஞ்சி. கீழே சின்ன எழுத்தில், வரம்பில் இல்லை.

என்னைக் கண்டதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மணி பாத்தேன் பாப்பா," என்றார்.

மறுநாள் விக்கி வந்த பிறகு, வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். என் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, பெயரைக் 'கொளஞ்சி' என்று மாற்றினேன். பாஸ்வேர்டில் மீன்சுருட்டி என்று அடித்தேன். ஆன் செய்தேன்.

வாசல் பக்கத்திலிருந்து அப்பாவின் போன் சத்தம் போட்டது. நின்றது. மறுபடி போட்டது. அப்புறம் நிற்கவே இல்லை. குடோன்காரர்கள் இத்தனை மாதமாக அனுப்பிய காலை வணக்கங்கள் எல்லாம் சேர்ந்து வந்து கொட்டின. அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து வந்தார். அவர் பின்னால் விக்கியும் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவன் போனும் பழைய பழக்கத்தில் அம்மா பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, அம்மா போன எடுத்தியா?"

"இல்லப்பா. என் போனுதான். அம்மா பேரு வச்சிருக்கேன்."

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாஸ்வேர்டு?" என்றான் விக்கி.

"அதேதான்."

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்பா படியிறங்கி, போனைப் பார்த்தபடியே கொல்லையில் நடந்தார். காலியாகக் கிடந்த ஆட்டுக்கொட்டகை வரை போனார். இன்னும் நாலு எட்டு வைத்தார். நின்றார். அங்கிருந்தே சொன்னார்.

"இங்க சுத்துது பாப்பா. அவளுது தொவைக்கிற கல்லு வரைக்கும் வரும்."

குறை சொல்கிற குரல்தான். ஆனால் அம்மா போன பிறகு, அவளைப் பற்றி அவராக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"வரும்ப்பா. அம்மாவுது நல்லா வரும்," என்றேன்.

திரும்பி வந்து படிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விக்கி தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு பிடி வெங்காயத்தை அள்ளித் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

"எனக்கு வியாழக்கெழம பேக் முடியுது. இனிமே போடல. ஒன்னு போதும்ல?" என்றான்.

"போதும்," என்றார் அப்பா.

சத்தத்தைக் குறைத்து ஒரு பழைய பாட்டை வைத்தார். போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.