வேறு நபர் எவரும் இல்லை

1. ஃபாரம்

திங்கட்கிழமை மத்தியானம் சுமதி எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது அவள் முழங்கை வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறாள்.

"சார், வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸ்ல முகாம். அன்னிக்குள்ள பட்டாவை எங்கம்மா பேருக்கு மாத்தலைன்னா கவர்மெண்டு வூடு கட்டுற லிஸ்ட்டுல எங்க பேரு வராதுன்னு சொல்லிட்டாங்க."

போன மழையில் அவள் வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. தார்ப்பாய் கட்டிக்கொண்டு, எழுந்து நடக்க முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக அதற்குள்ளேயே இருக்கிறாள். அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மழை பிடித்துக்கொண்டால் அளத்தில் வேலை நின்றுவிடும், பகல் முழுக்க வீட்டில்தான் கிடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அந்தச் சுவர். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

நான் முப்பத்தெட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் வக்கீல் என்னைவிட வயதில் இளையவர், என்னை 'அண்ணே' என்பார், நான் அவரை 'சார்' என்பேன். வேலையை விட்டு நின்ற பிறகும், முகாம் சமயத்தில் கூட்டம் தாங்காது என்று கூப்பிட்டு அனுப்புவார். போகாமல் இருக்க என்னாலும் முடியாது. வீட்டில் உட்கார்ந்தால் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேனாம்.

சுமதி கொண்டுவந்த காகிதங்களைப் பார்த்தேன். தாலுகா ஆபீஸில் வாங்கிய பட்டா நகல், அவள் தாத்தா கன்னியப்பன், தகப்பனார் முனுசாமி என்ற பெயரில் இருந்தது. தாத்தாவின் இறப்புச் சான்றிலும் ரேஷன் கார்டிலும் தேவராஜ், தகப்பனார் முனுசாமி. இரண்டுக்கும் நடுவில் பழுப்பேறிய ஒரு கெஜட் நகல். கன்னியப்பன் ஆகிய நான் இன்று முதல் தேவராஜ் என்று அழைக்கப்படுவேன் என்று அதில் இருந்தது. எதற்காக மாற்றுகிறார் என்று கெஜட்டில் போட மாட்டார்கள்.

"எதுக்கும்மா பேரை மாத்துனாரு?"

"தெரியாது சார். கேட்டா எழுந்து வெளிய போயிடுவாராம். எங்கம்மாவும் கேக்கறத வுட்டுட்டாங்க."

எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று அபிடவிட் போடுவது எங்கள் தொழிலில் அன்றாடச் சோறு. அதற்கு ஒரு ஃபாரம் வைத்திருக்கிறோம். அதில் மூன்றாவது பாராவில் ஒரு வரி வரும்: 'மேற்படி கிராமத்தில் மேற்படி பெயரும் தகப்பனார் பெயரும் கொண்ட வேறு நபர் எவரும் இல்லை.' அந்த வரி இல்லாவிட்டால் விஏஓ மனுவை வாங்க மாட்டார். எத்தனையோ குடும்பங்களுக்கு அதை அடித்துக் கொடுத்திருக்கிறேன். சுமதிக்கும் அடித்தேன். வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினேன்.

2. தேதி

செவ்வாய்க்கிழமை காலை ஃபைலைத் தைக்கும்போது தேதிகளைச் சரிபார்த்தேன். அங்கேதான் இடித்தது. கெஜட்டில் பெயர் மாறியது முதலில். பட்டா கொடுத்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. பெயரை விட்டுவிட்ட மனிதனுக்கு, விட்ட பெயரிலேயே நான்கு வருடம் கழித்து எப்படிப் பட்டா கொடுத்தார்கள்?

வக்கீலிடம் சொன்னேன்.

"அண்ணே, சர்வேயர் வந்தப்ப அக்கம்பக்கத்துல பழைய பேரைச் சொல்லியிருப்பாங்க. எழுதிட்டுப் போயிருப்பான். இன்னும் மூணு நாள்தான் இருக்குது, இதைப் போய் நோண்டிக்கிட்டு."

"அப்படியும் இருக்கலாம் சார். இல்லாமயும் இருக்கலாம்."

"உங்களுக்கு சந்தேகம் வந்துட்டா எங்களுக்குத் தூக்கம் போச்சு," என்று சிரித்துவிட்டு அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் மரக்காணத்தில் சுமதியின் குப்பத்துக்குப் போனேன். அளத்தில் வெகுகாலம் வேலை பார்த்த எத்திராஜ் என்ற பெரியவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கன்னியப்பனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தக் கன்னியப்பன்? ஓடைக் கன்னியப்பனா, மேட்டுக் கன்னியப்பனா?"

அந்தக் குப்பத்துக் குலதெய்வம் கன்னியம்மன். வீட்டுக்கு ஒரு கன்னியப்பன், கன்னியம்மா இருக்கத்தான் செய்வார்கள். அது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்த வரியை அடித்திருக்கிறேன்.

"ரெண்டு பேருக்கும் அப்பா பேரு?"

"முனுசாமிதான். அதுவும் வேற வேற முனுசாமி. அளத்துல எங்களுக்குக் குழப்பமே இல்லப்பா. ஓடைப் பாத்தியில நிக்கறவன் ஓடைக்காரன், மேட்டுப் பாத்தியில நிக்கறவன் மேட்டுக்காரன். பேப்பர்லதான் ரெண்டு பேரும் ஒருத்தன்."

பிறகு நான் கேட்காமலே சொன்னார். கூலித் தகராறில் ஒரு முதலாளியின் உப்பு குடோனுக்குத் தீ வைத்தது மேட்டுக் கன்னியப்பன். வாரண்ட் வந்தது.

"வாரண்ட்ல இன்னா இருக்கும்? பேரு, அப்பன் பேரு, ஊரு. போலீஸ் ஜீப்பு வந்தா மேட்டுக்காரன் சவுக்குத் தோப்புக்குள்ள பூந்துடுவான். ஓடைக்காரன் ஒரு தப்பும் செய்யலையே, அவன் பாட்டுக்குப் பாத்தியில நின்னுக்கினு இருப்பான். அவனைத் தூக்கிக்கினு போவாங்க. மூணு தபா தூக்கினு போனாங்க. மூணாவது தபா வந்தப்ப எடது காது கேக்கல. அப்புறந்தான் போய் பேரை மாத்திக்கினான்."

"இப்ப சுமதி இருக்கற வூடு யாருது?"

எத்திராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "அதை நான் சொன்னா நல்லா இருக்காதுப்பா. மேட்டுக்காரன் பொண்ணு ராணி இரும்பை கிராமத்துல இருக்குது. ஆரோவில்ல சமையல் வேலை. அதையே கேட்டுக்க."

3. சுவர்

அன்று சாயங்காலமே சுமதியை ஆபீஸுக்கு வரவழைத்து, வக்கீல் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்; காலை ஏழு மணி பஸ்ஸில் ராணியைப் பார்க்கப் போவதாகவும் சொன்னேன். காது விஷயம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"கடல்ல அலை அடிச்சு காது போச்சுன்னு சொல்லுவாராம் சார். அம்மா அதைத்தான் எனுக்கும் சொன்னாங்க."

வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அண்ணே, அந்தம்மா இத்தனை வருஷமா வந்து கேக்கல. வந்து கேட்டா, கேஸ் போட்டா, இத்தனை நாளா குடியிருக்கிற அனுபவ பாத்தியதை நம்மளுது, பாத்துக்கலாம். அபிடவிட் போட்டா வெள்ளிக்கிழமை வேலை முடியுது. போடலைன்னா இந்த லிஸ்ட்டு போச்சு. நான் கட்டாயப்படுத்தல, சுமதி சொல்லட்டும்."

"நான் கையெழுத்துப் போடறேன் சார்," என்றாள் சுமதி.

"வேற ஆள் இருந்தது இப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இல்லைன்னு சத்தியம் பண்ணுவியா?" என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்.

அவள் கத்தவில்லை. "உங்களுக்கு இன்னா சார்? உங்க வூட்டுக்கு நாலு பக்கமும் சுவரு இருக்குது," என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு பழைய தேதியைப் பிடித்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியை மழையில் நனைய விடுகிறோமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது சுமதி அங்கே நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற புடவை இல்லை, நல்ல புடவை.

"வாங்க சார், போய்க் கேட்டுடலாம். அடிச்சது அலையில்லன்னு தெரிஞ்ச பொறவு எனுக்கு அந்தக் கையெழுத்து வராது போலக்குது. ஆனா ஒண்ணு, வூடு போச்சுன்னா உங்களைச் சும்மா வுட மாட்டேன்."

4. இரும்பை

ராணி அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வரிசையாக ஓடு போட்ட வாடகை வீடுகளில் கடைசி வீடு. மரக்காணம் மேட்டுக் கன்னியப்பன் மகள்தானே என்று கேட்டதும் கையில் இருந்த டிபன் டப்பாவைக் கீழே வைத்தார்.

"போலீஸா?"

"இல்லம்மா. வக்கீல் ஆபீஸு."

"அதுவும் ஒண்ணுதான்."

சுமதியைக் காட்டி, ஓடைக் கன்னியப்பன் பேத்தி என்றேன். ராணி அம்மா அவளை வெகுநேரம் பார்த்தார்.

"உங்க தாத்தாவுக்கு எந்தக் காது?"

"எடது காதுங்க."

உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருந்த காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அசல் பட்டா. அதே சர்வே நம்பர். சுமதி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. வீடு போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

"எங்கப்பா ஜெயில்லேருந்து வந்த பொறவு கவர்மெண்டுல குடுத்த பட்டா சார் இது," என்றார் ராணி அம்மா. "மறுவருஷமே இந்தப் பொண்ணோட தாத்தாவைக் கூட்டியாந்து, 'எனுக்கு வுழ வேண்டிய அடியெல்லாம் நீ வாங்கிக்கின, இந்த வூடு உனுக்கு'ன்னு சொல்லி சாவியைக் குடுத்துட்டு எங்களை இங்க இட்டாந்துட்டாரு. எங்கம்மா அழுது பொரண்டாங்க. பட்டாவை மட்டும் ஒளிச்சு வச்சுக்கினாங்க. வாடகை வூட்டுல ஒழுகறப்பல்லாம் நானும் எங்கப்பாவைத் திட்டியிருக்கேன். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

ராணி அம்மா என் பையைக் காட்டினார்.

"அது இன்னா பேப்பரு? படிங்க."

அபிடவிட்டைப் படித்தேன். மூன்றாவது பாராவில் என் குரல் தானாகவே இறங்கியது. 'வேறு நபர் எவரும் இல்லை' என்று முடித்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அதை எழுதுனது யாரு?"

"நான்தாம்மா."

"எங்கப்பா இருந்தாரு சார். கொளுத்துனாரு, ஓடி ஒளிஞ்சாரு, ஜெயிலுக்குப் போனாரு, எல்லாம் செஞ்சாரு. ஆனா இருந்தாரு." அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. பிறகு சுமதியின் பக்கம் திரும்பினார். "எங்கப்பா குடுத்தது குடுத்ததுதான். நான் எழுதித் தர்றேன். நீ இதுல மட்டும் கையெழுத்துப் போடாத, பாப்பா."

சுமதி அபிடவிட்டை என் கையிலிருந்து வாங்கினாள். கிழிப்பாள் என்று பார்த்தேன். நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

5. நடந்தது

வெள்ளிக்கிழமை முகாமில் சுமதியின் மனு போகவில்லை. ராணி அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அவருக்கு வாரிசுச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்கே இரண்டு மாதம் பிடித்தது. வீடு கட்டும் லிஸ்ட் வந்தது, சுமதி பெயர் இல்லை. ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் தார்ப்பாய்க்குள்ளேதான் கழிந்தன. அவள் அம்மா மார்ச்சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் பார்க்கப் போனபோது சுமதி, "வாங்க சார், உங்க நேர்மை இங்கதான் படுத்திருக்குது," என்றாள். வாங்கிக்கொண்டேன். அவளுக்குத் திட்ட உரிமை இருந்தது.

தை மாதம் பத்திரம் பதிந்தோம். எதிர்த் தரப்பு என்று யாரும் இல்லாத பத்திரம். ஆனாலும் நான் எழுதியதிலேயே அதிக நேரம் பிடித்தது அதுதான். மேட்டுப் பாத்தி கன்னியப்பன், ஓடைப் பாத்தி கன்னியப்பன் என்கிற தேவராஜ் என்று இரண்டு பேரையும் தனித்தனியாக, அவரவர் தகப்பனாரோடு, முன்வரலாறு பகுதியில் எழுதினேன். இவ்வளவு நீளம் தேவையா என்று வக்கீல் கேட்டார். தேவை என்றேன். அடுத்த லிஸ்ட்டுக்கு இப்போது மனு போட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பெயர் மாற்றிய கேஸ் வந்தால் கெஜட் நகலைப் பார்த்ததும் டைப் அடிக்க உட்காராதீர்கள். எதற்காக மாற்றினார் என்று கேளுங்கள். வந்தவருக்குத் தெரியாவிட்டால், அவரோடு வேலை செய்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். நாள் கடந்துபோகும். கட்சிக்காரர் திட்டுவார். சில சமயம் திட்டுவதற்கு அவருக்கு நியாயமும் இருக்கும். அதற்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அந்த வரியை இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு அடித்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு இல்லை. அந்த வரியால் எவரெவருடைய அப்பாவை இல்லாமல் ஆக்கினேன் என்பதும் எனக்குத் தெரியாது. ஒருவரும் வந்து கேட்டதில்லை.