தொண்டரின் வீட்டுக் கதவு

என் கணவர் ஒரு கட்சித் தொண்டர். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் பாராட்டுவார்கள், மீதிப் பேர் பரிதாபப்படுவார்கள். இரண்டும் எனக்கு அலுத்துவிட்டது. பதவி கிடையாது, சம்பளம் கிடையாது. கல்யாணமான புதிதில் வேலை முடிந்து நேரே கட்சி வேலைக்குப் போனவர், ஓய்வுபெற்ற பிறகு காலையிலேயே போகிறார். இத்தனை வருடத்தில் வந்த மாற்றம் அவ்வளவுதான்.

தொண்டர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. சிங்கப்பூரில் எல்லாரும் சொல்வது தொண்டூழியர். மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர், கோயில் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர், பள்ளிக்கூடம் அனுப்பிக் கடற்கரையில் குப்பை பொறுக்கும் பிள்ளைகள், எல்லாரும் தொண்டூழியர்தான். அந்தச் சொல் இவருக்கு ஆகாது.

“அதெல்லாம் மணிக்கணக்கு பாத்துச் செய்றது. நான் தொண்டன்” என்பார்.

“மணி பாக்காததுதான் இங்க பிரச்சினையே” என்பேன்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு துணிக்கடையில் நான் மதியம் வரை வேலை பார்க்கிறேன். கடைச் சுவரில் ஒரு டிவி, அதில் எந்நேரமும் தமிழ்நாட்டுச் செய்தி. அங்கே தொண்டர்கள் அலைமோதுவார்கள், தலைவர் வண்டி மேல் ஏறுவார்கள், மொட்டை போட்டுக்கொள்வார்கள். புடவையை மடித்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுத் தொண்டர் மொட்டை போடவில்லை. முடி தானாகவே கொட்டிவிட்டது.

ஒருநாள் கடையில் எரிச்சலோடு கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அகராதி பார்த்தேன். தொண்டு என்றால் முதலில் போட்டிருந்த பொருளே அடிமைத்தனம். அப்புறம்தான் கடவுளுக்குச் செய்யும் பணி. தொண்டர் என்றால் அடியார். கோயிலில் சாமிக்குப் பூப்பறித்தவர்களுக்கும் வாசல் பெருக்கியவர்களுக்கும் இருந்த பெயர், எப்போதோ கோபுரத்தை விட்டு இறங்கிக் கட்சி ஆபீசுக்குப் போயிருக்கிறது. சாமி இருந்த இடத்தில் தலைவர் வந்தார். பெருக்குகிறவர் மட்டும் மாறவில்லை. கடை முதலாளி, பூர்வீகம் நாகூர், இங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம், எட்டிப் பார்த்து, “எங்கள்ல கித்மத்னு சொல்லுவோம். செய்றவன் வாயத் தொறந்து சொல்லிக்கக் கூடாது” என்றார். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை, வாய் ஓயவே ஓயாது. தொண்டு என்பதற்குப் பழமை என்றும் ஒரு பொருள் கண்டேன். தொண்டு கிழம் என்று அவரைத் திட்டுவதற்கு அன்று முதல் அகராதியின் துணையும் கிடைத்தது.

எழுத்தைப் பெரிதாக்கியதற்குக் காரணம் என் கண். இரண்டிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். கடையில் கருநீலத்தையும் கறுப்பையும் மாற்றி எடுத்துக் கொடுத்து இரண்டு வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாதக்கணக்கில் காத்திருந்து அறுவை சிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும். மகன் மெல்பர்னில் இருக்கிறான். இருப்பது இவர் ஒருவர்தான்.

அடுத்த வாரமே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை வாக்களிப்பு, வெள்ளிக்கிழமை கட்சிக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாத ஓய்வு நாள். ஆக, பிரசாரத்தின் கடைசி நாள் என்னுடைய வியாழக்கிழமை.

“தேதியக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமானு கேட்டுப் பாரேன்” என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

“நீங்க தேர்தலத் தள்ளிப் போட முடியுமானு கேட்டுப் பாருங்க” என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. தேதியை நான் மாற்றவில்லை. வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. கடையில் யாரையாவது கேட்கலாம்தான். ஆனால் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருவரிடம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேர்தலுக்குத் தொகுதி எல்லையை மாற்றி வரைந்திருந்தார்கள். சுவா சூ காங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதியில் விழுந்தது. அவரோடு இத்தனை காலம் அலைந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் புதுக் குழுவில் தனியாக மாட்டிக்கொண்டார். வேட்பாளர் ஒரு சீனப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கூட வந்தவர்களும் புதிது. அவர்களுக்கு இவர் பெயர் தெரியும், எந்த புளோக்கில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

வீடு வீடாகப் போவதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய், ஒவ்வொரு மாடியாக இறங்கி வரவேண்டும். எந்தக் கதவையும் விடக் கூடாது. வாசலில் மாவிலைத் தோரணம் தெரிந்தால் தமிழ்க்காரரை முன்னால் தள்ளிவிடுவார்கள். எங்கள் வாசலிலும் தோரணம் உண்டு, பிளாஸ்டிக்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே நாலைந்து உருவம், கலங்கலாக. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “இந்தியன் ஹவுஸ், அங்கிள். யூ டாக் ஃபர்ஸ்ட் லா” என்றது.

“வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க” என்றது முன்னால் நின்ற உருவம்.

யாரென்று சட்டென்று பிடிபடவில்லை. அவ்வளவு பதமான குரல், அவ்வளவு மரியாதை. அப்புறம்தான் சட்டைப் பாக்கெட்டில் செருகியிருந்த கண்ணாடிக் கூட்டைப் பார்த்தேன். வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு மணி அடித்துவிட்டு நிற்கிறார் என் புருஷன். இது என் வீடு என்று அவர்களிடம் மூச்சுவிடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் கேட்டுவிட்டாரே, குறை இருக்கிறதா என்று. இத்தனை வருடத்தில் முதல் முறை.

“இருக்கு. வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். தொணைக்கு ஆள் இல்லாமப் பண்ண மாட்டாங்களாம். எனக்கு ஆள் இல்ல” என்றேன்.

வேட்பாளருக்குத் தமிழ் தெரியாது. என்னவென்று இவரிடம் கேட்டாள். இவர் ஆங்கிலத்தில் சொன்னார். மழுப்புவார் என்று நினைத்தேன், ஒரு வார்த்தை விடவில்லை. அவள் திரும்ப ஏதோ கேட்க, இவர் என் பக்கம் திரும்பினார்.

“வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா?”

“இருக்காரு. அவருக்கு நேரமில்ல.”

அதையும் சொன்னார். அந்தப் பெண் உச்சுக்கொட்டினாள். வியாழக்கிழமை யாரால் முடியும் என்று குழுவைப் பார்த்துக் கேட்டாள். கடைசி நாள், யார் வாயைத் திறப்பார்கள்? ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

“ஐ கேன் கோ” என்றார் என் கணவர்.

அவள் முகம் மலர்ந்தது. அவர் தோளில் தட்டிவிட்டு என்னிடம், “டோன்ட் வொரி, ஆன்ட்டி. திஸ் அங்கிள் வெரி ரிலையபிள்” என்றாள். அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டார்கள். இவரும் போனார்.

அவர் வீட்டுக்கு வந்ததும், இது நம் வீடு என்று அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா உள்ள வந்து உக்காந்துருவாங்க. கீழ இன்னும் ரெண்டு மாடி பாக்கி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் மனதில் நிஜமாகவே இருந்தது அதுதான். மனைவியாகக் கேட்டு நடக்காதது, கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒரு வாக்காளராகக் கேட்டதும் நடந்துவிட்டது. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை. சோறு எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தார். கட்சிச் சட்டை போடவில்லை. காத்திருக்கும் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறார். வலது கண்ணில் மூடி ஒட்டி என்னை வெளியே அனுப்பியதும் எழுந்து வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா வாங்கம்மா. இந்த இடத்துல படி இருக்கு. பாத்து வைங்க” என்றார்.

வாங்க என்றதை அவர் கவனிக்கவே இல்லை. எத்தனையோ வீட்டு வாசல்களில் எத்தனையோ அம்மாக்களிடம் பேசிய குரல் அது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் ஈரம் படவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.